திரும்பவும் செய்வானா? – தமிழ்நாட்டில் ஒரு கேள்வியின் கதை

தமிழ்நாட்டில் "குண்டர் சட்டம்" என்று எல்லோரும் சொல்லும் சட்டத்தின் முழுப்பெயரை ஒரே மூச்சில் படிக்க முடியாது. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், இணையச் சட்டக் குற்றவாளிகள், போதைமருந்துக் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள், குண்டர்கள், விபச்சாரத் தொழில் குற்றவாளிகள், மணல் குற்றவாளிகள், பாலியல் குற்றவாளிகள், குடிசை நிலம் அபகரிப்போர், வீடியோ திருடர்கள் ஆகியோரின் ஆபத்தான நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டம், 1982. ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கிய பட்டியல் இது. அதனால்தான் பாலியல் குற்றவாளிகள் மணல் கடத்துபவர்களுக்கும் குடிசை நிலம் பிடிப்பவர்களுக்கும் நடுவே நிற்கிறார்கள்.

வெறும் எழுத்து வரிசைதானே என்று இதை விட்டுவிடலாம். ஆனால் இந்த வரிசைக்குள் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. மணல் அள்ளுபவன் நாளைக்கும் அள்ளுவான் என்று சொல்வதும், ஒரு பெண்ணையோ குழந்தையையோ சிதைத்தவன் நாளைக்கும் அதைச் செய்வான் என்று சொல்வதும் ஒரே வகைக் கணிப்பா? இரண்டையும் ஒரே படிவத்தில், ஒரே அதிகாரியின் கையெழுத்தில் முடிவு செய்துவிட முடியுமா?

தடயவியல் உளவியலில் இதற்கு "ஆபத்து மதிப்பீடு" என்று பெயர். ஒருமுறை வன்முறையோடு பாலியல் குற்றம் செய்தவர் மறுபடி செய்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணிப்பது. இதற்காக மேலைநாடுகளில் ஏறத்தாழ நூறு வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது. நம் மாநிலத்திலும் இந்தக் கணிப்பு நடக்கிறது. ஆனால் வேறு வழியாக, வேறு ஆட்களால்.

கோடியக்கரையும் தடுப்புக்காவலும்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடி முனை கோடியக்கரை. 1991 வரை இது பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஒரு பக்கம் காடு, மான், பறவைகள். இன்னொரு பக்கம் கடல், மீன்பிடி சீசனுக்கு வெளியூர்களிலிருந்து வந்து தங்கும் மீனவர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம்.

சிறை என்பது இந்தக் கரைக்கு இரண்டு விதமாகப் பழக்கம். முதல் விதம் 1930-இல் வந்தது. ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். அள்ளியதற்காகச் சிறை சென்றார்கள். ஒரு செயல் நடந்தது, அதற்குத் தண்டனை கிடைத்தது. சட்டம் நியாயமா என்பது வேறு கேள்வி; செயல் நடந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை.

இரண்டாவது விதம் கடத்தல் காலத்தில் வந்தது. இலங்கைக்கு மிக அருகில் இருப்பதால் வேதாரண்யம், கோடியக்கரைக் கடலோரம் கடத்தலுக்குப் பேர்போனதாக இருந்தது. 1974-இல் மத்திய அரசு "காஃபிபோசா" என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. இதன்படி ஒருவரைச் சிறையில் வைக்க அவர் செய்த கடத்தலை நீதிமன்றத்தில் நிரூபிக்கத் தேவையில்லை. இனிமேல் செய்வார் என்று அதிகாரி திருப்தி அடைந்தால் போதும்.

இதுதான் தடுப்புக்காவல். நடந்ததற்குத் தண்டனை அல்ல, நடக்கப்போவதற்கு அணை. நம் அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவே இதற்கு இடம் கொடுக்கிறது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1950-இல், சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக்காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே மாதம் தீர்ப்பு வந்தது. தடுப்புக்காவல் சட்டத்தை நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. ஆக, "நாளைக்குச் செய்வான்" என்ற கணிப்புக்கு அன்றே சட்ட அந்தஸ்து கிடைத்துவிட்டது.

பிறப்பை வைத்துக் கணித்த காலம்

இதற்கும் முன்னால் ஒரு பெரிய ஆபத்து மதிப்பீடு இந்த மண்ணில் நடந்திருக்கிறது. அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. 1871-இல் வடஇந்தியாவில் தொடங்கி, 1911 சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம்தான் அது. இந்தச் சாதியில் பிறந்தவன் திருடுவான் என்பதுதான் அதன் கணிப்பு. ஆதாரம் பிறப்பு மட்டுமே. கைரேகை பதிய வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், சில இடங்களில் இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று கைரேகை பதிய மறுத்த மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் இறந்தார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் அதன் இடத்தில் "வழக்கமான குற்றவாளிகள்" சட்டங்கள் வந்தன. சாதியின் பெயரை எடுத்துவிட்டுப் பழக்கத்தின் பெயரை வைத்தார்கள். 2024 அக்டோபரில் சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய தீர்ப்பில், இந்த வகைப்பாடு பழைய குற்றப் பரம்பரை மக்களையே குறிவைக்கப் பயன்படுவதை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

பாடம் இதுதான்: கணிப்பு தவறாகப் போனால் அதன் விலையைக் கொடுப்பவர் கணித்தவர் அல்ல.

தொழிலுக்காகப் போட்ட சட்டம்

எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது 1982-இல் குண்டர் சட்டம் வந்தது. அன்றைய பட்டியலைக் கவனித்தால் ஓர் ஒற்றுமை தெரியும். சாராயம் காய்ச்சுவது, போதைமருந்து விற்பது, விபச்சாரம் நடத்துவது, குடிசை நிலத்தைப் பிடித்து வாடகைக்கு விடுவது... எல்லாம் தொழில். முதலீடு உண்டு, ஆள் உண்டு, வாடிக்கையாளர் உண்டு, லாபம் உண்டு. பிறகு சேர்ந்த வனக் குற்றம், 2004-இல் சேர்ந்த வீடியோ திருட்டு, மணல் கடத்தல் ஆகியவையும் அப்படித்தான். லாபம் வரும்வரை தொழில் தொடரும். எனவே ஜாமீனில் வெளியே வந்தால் மறுபடி செய்வான் என்று சொல்வதற்கு உளவியல் படிக்க வேண்டியதில்லை. கணக்குப் புத்தகம் போதும்.

2012 டிசம்பரில் டெல்லியில் மாணவி ஒருவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி இறந்தார். நாடே கொதித்தது. 2013 ஜனவரி 1 அன்று முதல்வர் ஜெயலலிதா 13 அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தார். மாவட்டம்தோறும் மகளிர் விரைவு நீதிமன்றம், குண்டர் சட்டத்தில் பாலியல் குற்றவாளிகளைச் சேர்ப்பது, மரண தண்டனைக்கும் ரசாயன ஆண்மை நீக்கத்துக்கும் மத்திய அரசை வலியுறுத்துவது எல்லாம் அதில் இருந்தன. 2014-இல் குண்டர் சட்டம் திருத்தப்பட்டது. பட்டியலில் பாலியல் குற்றவாளி சேர்ந்தார்.

அதாவது, தொழிலைக் கணிக்கச் செய்த கருவியைக் கொண்டு மனத்தைக் கணிக்கும் வேலை தொடங்கியது.

ஒரு கோப்பு போகும் வழி

கோடியக்கரையில் ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்ததாகப் புகார் வருகிறது என்று கற்பனையாக வைத்துக்கொள்வோம். சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி வேதாரண்யத்தில் வழக்குப் பதிவாகும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாயும். சந்தேகப்படுபவர் கைதாகிச் சிறைக்குப் போவார். குண்டர் சட்டமும் வேண்டும் என்று போலீஸ் நினைத்தால், கோப்பு நாகப்பட்டினம் மாவட்ட ஆட்சியரின் மேசைக்குப் போகும். சென்னை போன்ற நகரமாக இருந்தால் போலீஸ் கமிஷனர்.

ஆட்சியர் படித்துப் பார்த்துத் "திருப்தி" அடைந்தால் உத்தரவு போடலாம். காரணங்களை 5 நாளுக்குள் கைதிக்குத் தரவேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தரவேண்டும். 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்கவேண்டும். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கைதிக்கு இல்லை. எல்லாம் முடிந்தால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். எதிர்த்து ஆட்கொணர்வு மனு போட வேண்டுமென்றால் சென்னை உயர் நீதிமன்றம் போகவேண்டும். தஞ்சாவூர் மாவட்டக்காரர்களுக்கு மதுரைக் கிளை உண்டு. நாகப்பட்டினம் அதன் எல்லைக்குள் வராது. ஆக 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம்.

இந்தப் பாதையில் எந்த இடத்திலும் ஓர் உளவியலாளர் கைதியைப் பார்க்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படியானால் ஆட்சியர் எதைத்தான் பார்க்கிறார்?

இங்கேதான் வேடிக்கை. 2011-இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், குண்டர் சட்ட உத்தரவு ஒன்றை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஏற்கெனவே சிறையில் இருப்பவரைத் தடுப்புக்காவலில் வைக்க வேண்டுமானால், அவர் ஜாமீனில் வெளியே வரும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது என்று காட்டவேண்டும். அதே மாதிரி வழக்குகளில் மற்றவர்களுக்கு ஜாமீன் கிடைத்ததைச் சொல்வதென்றால் அந்த வழக்குகளின் விவரம் வேண்டும் என்றது தீர்ப்பு. சட்டப்படி சரியான தீர்ப்புதான். ஆனால் விளைவு என்ன? அதிகாரிகளும் வக்கீல்களும் நீதிபதிகளும் தலையைப் பிய்த்துக்கொள்வது "இவருக்கு ஜாமீன் கிடைக்குமா?" என்ற கேள்வியில். "இவர் திரும்பச் செய்வாரா?" என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

கோப்பில் கணிக்கப்படுவது மனிதன் அல்ல, ஜாமீன்.

உத்தரவுகள் உடைவதும் அப்படித்தான். நகல் தெளிவாக இல்லை, மொழிபெயர்ப்பு தரவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்ற காரணங்களால் உடைகின்றன. அவர் ஆபத்தானவர் இல்லை என்று கண்டுபிடித்து உடைப்பது அபூர்வம். தடுப்புக்காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல வருடங்கள் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

மற்றவர்கள் எப்படிக் கணித்தார்கள்?

1928-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எர்னஸ்ட் பர்ஜெஸ் என்ற சமூகவியலாளர், பரோலில் விடப்பட்ட 3000 பேரின் ஆவணங்களை எடுத்தார். 21 காரணிகளை வைத்து யார் மறுபடி தவறினார்கள் என்று அட்டவணை போட்டார். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் வயதையும் வேலையையும் வைத்து பிரீமியம் போடுவதைப் போன்ற வேலைதான் இது. அந்த 21-இல் தகப்பன் எந்த நாட்டுக்காரர் என்பதும் ஒன்று! நம் ஊரில் சாதியை வைத்துக் கணித்தது போல அங்கே தேசத்தை வைத்தும் கணித்தார்கள்.

1954-இல் பால் மீல் என்ற உளவியலாளர் ஒரு சிறு புத்தகம் எழுதினார். நிபுணர் நேரில் பார்த்து உள்ளுணர்வால் சொல்வதைவிட, சாதாரணப் புள்ளிவிவர அட்டவணை அதே அளவு அல்லது அதைவிட நன்றாகக் கணிக்கிறது என்று காட்டினார். நிபுணர்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளும் அவர் பக்கமே சாய்ந்தன.

1966-இல் இன்னொரு அடி. ஜானி பாக்ஸ்ட்ரம் என்ற கைதி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால், "மிக ஆபத்தானவர்கள்" என்று நியூயார்க்கில் அடைத்து வைத்திருந்த சுமார் 970 பேரைச் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஊழியர்கள் பயந்தார்கள். ஆய்வாளர்கள் நான்கு வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் தாக்கவில்லை. ஆபத்து என்ற முத்திரை தேவைக்கு மேல் குத்தப்பட்டிருந்தது. 1981-இல் ஜான் மொனஹன் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, "இவர் வன்முறையில் இறங்குவார்" என்று மருத்துவர்கள் சொன்ன மூன்றில் ஒன்றுக்கு மேல் சரியாக இருக்கவில்லை என்றார்.

பாலியல் குற்றத்துக்கென்றே கருவிகள் வந்தது 1990-களில். 1998-இல் கனடாவைச் சேர்ந்த கார்ல் ஹான்சனும் மோனிக் புசியேரும் 61 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 4 முதல் 5 வருடத்தில் மறுபடி பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் 13.4 சதவீதம். புகாருக்கே வராத குற்றங்கள் இதில் சேராது, எனவே உண்மை எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும். இருந்தாலும் "இவர்கள் எல்லோருமே திரும்பச் செய்வார்கள்" என்ற பொது நம்பிக்கைக்கு இது வெகு தூரத்தில் இருக்கிறது.

அதைவிட முக்கியம், எது கணிக்கிறது, எது கணிக்கவில்லை என்பது. முன்பு செய்த பாலியல் குற்றங்களும் பிறழ்ந்த பாலியல் நாட்டமும் வலுவான அறிகுறிகளாக இருந்தன. குற்றத்தை மறுப்பது, பாதிக்கப்பட்டவர் மேல் இரக்கம் காட்டாதது, சிறுவயதில் தானே பாலியல் கொடுமைக்கு ஆளானது ஆகியவற்றுக்கு மறுபடி செய்வதோடு சொல்லும்படியான தொடர்பு இல்லை. "கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை, வெளியே விட்டால் மறுபடி செய்வான்" என்று திண்ணையிலும் நீதிமன்றத்திலும் சொல்கிறோமே, அந்த வாதத்துக்குப் புள்ளிவிவரம் துணை நிற்கவில்லை.

1999-இல் ஹான்சனும் பிரிட்டனின் டேவிட் தார்ன்டனும் "ஸ்டாட்டிக்-99" என்ற கருவியைச் செய்தார்கள். 10 கேள்விகள். வயது என்ன, முன்பு எத்தனை பாலியல் குற்றங்கள், பாதிக்கப்பட்டவர் உறவினரா அந்நியரா, துணையோடு இரண்டு வருடமாவது சேர்ந்து வாழ்ந்திருக்கிறாரா என்பது போன்றவை. மறுபடி செய்த ஒருவரையும் செய்யாத ஒருவரையும் பக்கத்தில் நிறுத்தினால், ஏறக்குறைய 100-க்கு 70 தடவை செய்தவருக்கே அதிக மதிப்பெண் வரும். நாணயம் சுண்டினால் 50. எனவே இது சோதிடமும் அல்ல, எக்ஸ்ரேயும் அல்ல.

70 சதவீதம் என்றால் என்ன?

70 என்றதும் முதல் வகுப்பு மதிப்பெண் போலத் தோன்றும். கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். இது வெறும் எடுத்துக்காட்டுக் கணக்கு.

விடுதலையாகும் 1000 பேர். இவர்களில் 130 பேர் மறுபடி செய்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கருவி செய்யப்போகிறவர்களில் 70 சதவீதத்தைப் பிடிக்கிறது, செய்யாதவர்களில் 30 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கிறது.

செய்யப்போகிறவர்களில் பிடிபடுவோர்: 91.
தப்பிப்போவோர்: 39.
செய்யாத 870 பேரில் தவறாகப் பிடிபடுவோர்: 261.
மொத்தம் "ஆபத்து" முத்திரை விழுந்தவர்கள்: 352.

352 பேரில் உண்மையில் ஆபத்தானவர் 91. நான்கில் ஒருவர். மற்ற மூவரும் செய்யாத குற்றத்துக்காக உள்ளே இருக்கிறார்கள். அதே சமயம் ஆபத்தான 39 பேர் வெளியே நடமாடுகிறார்கள். கருவியின் குறை மட்டும் அல்ல இது. அரிதாக நடக்கும் எதைக் கணித்தாலும் இந்தக் கதிதான். கடன் திருப்பித் தரமாட்டார் என்று வங்கி தப்பாகக் கணித்தால் ஒருவருக்குக் கடன் கிடைக்காது, அவ்வளவுதான். இங்கே ஒரு பக்கம் ஒரு மனிதனின் வருடங்கள், இன்னொரு பக்கம் ஒரு குழந்தையின் வாழ்க்கை.

யாருக்காகச் செய்த அளவுகோல்?

அப்படியானால் ஸ்டாட்டிக்-99-ஐ மொழிபெயர்த்து ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிடலாமா? கனடாவிலேயே இதற்குப் பதில் வந்துவிட்டது. ஜெஃப்ரி யூவர்ட் என்ற பழங்குடிக் கைதி, இந்த மாதிரிக் கருவிகள் பழங்குடி மக்களுக்குப் பொருந்தும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லையே என்று வழக்குப் போட்டார். 2018 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சோதிக்காமல் பயன்படுத்தியதில் சிறைத்துறை தன் சட்டக் கடமையிலிருந்து தவறியது என்று தீர்ப்பு.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் யோசித்துப் பாருங்கள். துணையோடு சேர்ந்து வாழ்ந்தாரா என்ற கேள்வி அங்கே ஒருவரின் உறவு கொள்ளும் திறனைக் காட்டுகிறது. இங்கே அது அப்பா அம்மா பெண் பார்த்துக் கட்டி வைத்தார்களா என்பதை மட்டுமே காட்டும். முந்தைய குற்றங்கள் எத்தனை என்ற கேள்விக்கும் இதே சிக்கல். குடும்ப மானம் என்று புகாரே கொடுக்காமல் பஞ்சாயத்தில் முடித்துவைத்த ஊரில் எல்லோருடைய பழைய கணக்கும் பூஜ்யம்தான்.

இன்னொன்று. பாதிக்கப்பட்டவர் அந்நியராக இருந்தால் ஸ்டாட்டிக்-99-இல் மதிப்பெண் கூடும். ஆனால் நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருடா வருடம் சொல்கின்றன. கோடியக்கரை போல சீசனுக்கு வெளியூர் ஆட்கள் வந்து தங்கும் எந்த ஊரிலும், சந்தேகம் முதலில் வெளியூர்க்காரன் மேல்தான் விழும். புள்ளிவிவரம் கைகாட்டுவதோ உறவுக்காரரையும் பக்கத்து வீட்டையும்.

2017: எல்லோரும் பார்த்த வழக்கு

இத்தனை சொன்னாலும் எதிர்ப்பக்கத்து நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது. குழந்தையைச் சிதைத்ததாகக் கைதானவர் மூன்று மாதத்தில் ஜாமீனில் வந்து அதே தெருவில் நடந்தால், அந்த வீட்டு வாசல் எப்படித் திறக்கும்? சாட்சி சொல்ல யார் வருவார்கள்? தடுப்புக்காவல் வேண்டும் என்று கேட்பவர்கள் கொடூரர்கள் அல்ல. பயந்தவர்கள்.

2017 பிப்ரவரியில் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். ஓர் இளைஞர் கைதானார். குண்டர் சட்டமும் பாய்ந்தது. அந்த உத்தரவைச் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் ஜாமீனில் வெளியே வந்தார். டிசம்பரில் அவருடைய தாய் கொல்லப்பட்டார். மகன் மேலேயே குற்றச்சாட்டு. "பார்த்தீர்களா, அன்றே உள்ளே வைத்திருந்தால்..." என்று தமிழ்நாடே பேசியது. 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. கணிப்பு சரி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று தோன்றிய நேரம்.

2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சந்தர்ப்ப சாட்சியங்களின் சங்கிலி முழுமையாக நிரூபிக்கப்படவில்லை, விசாரணையில் அவருக்கு முறையான வாய்ப்பும் தரப்படவில்லை என்றது தீர்ப்பு. தாய் கொலை வழக்கும் தண்டனையில் முடியவில்லை. சட்டத்தின் கண்ணில் இன்று அவர் நிரபராதி. சிறுமியின் பெற்றோருக்கோ எட்டு வருடம் கழித்தும் "யார் செய்தது?" என்ற கேள்விக்குக் கூட நீதிமன்றத்தில் பதில் இல்லை.

இந்த வழக்கில் எல்லோரும் "திரும்பச் செய்வானா?" என்று கேட்டார்கள். "செய்தானா?" என்பதை நிரூபிக்கும் வேலை அதற்குள் பழுதாகிவிட்டது. இந்த ஆபத்து மதிப்பீட்டுக் கருவிகள் பெரும்பாலும் தண்டனை உறுதியானவர்களுக்காகச் செய்யப்பட்டவை. முதல் கேள்விக்குப் பதில் இல்லாமல் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்தில் எந்தக் கருவியும் கிடையாது.

பொள்ளாச்சி வழக்கு இதற்கு மறுபக்கம். 2019-இல் அங்கேயும் குண்டர் சட்டம் போட்டார்கள். அவர்களில் இருவர் மீதான உத்தரவை அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு அதனால் சாகவில்லை. சாட்சிகள் காப்பாற்றப்பட்டார்கள், விசாரணை நடந்தது, 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அங்கே நின்றது வழக்கமான சட்டம்தான்.

கடைசியில் கேட்கப்படும் கேள்வி

விந்தை என்னவென்றால், "திரும்பச் செய்வாரா?" என்ற கேள்வியை ஆதாரத்தோடு கேட்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் ஓர் இடத்தில் தெளிவாகச் சொல்கிறது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில், மரண தண்டனை கொடுக்கும் முன் அவர் சமூகத்துக்குத் தொடர்ந்து ஆபத்தாக இருப்பாரா, திருந்த வாய்ப்பு உண்டா என்று பார்க்கவேண்டும். வாய்ப்பில்லை என்றால் அதை அரசுதான் சான்றோடு நிரூபிக்கவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அது ஒழுங்காக நடக்கவில்லை என்பதால் 2022-இல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், விசாரணைக் கட்டத்திலேயே மனநல, உளவியல் மதிப்பீட்டு அறிக்கையை அரசு தரவேண்டும் என்று மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

ஆக, தூக்குமேடைக்குப் பக்கத்தில் உளவியலாளர் வரவேண்டும். அதற்கு முன்னால், ஒருவரை ஒரு வருடம் விசாரணையில்லாமல் அடைக்கும்போது அவர் தேவையில்லை. 2018 செப்டம்பரில் மத்திய அரசு 4.4 லட்சம் பதிவுகளோடு பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் ஒன்றைப் போலீசுக்காகத் தொடங்கியது. பெயரும் படமும் கைரேகையும் சேர்ந்தன. அவர்களில் யார் எந்த நிலைமையில் மறுபடி செய்தார்கள், எது அவர்களைத் தடுத்தது என்று பின்தொடர்ந்து ஆராய்ந்தால்தான் நம் ஊருக்கான அளவுகோல் பிறக்கும். ஹான்சன் செய்தது அந்த வேலையைத்தான்.

அதுவரை செய்யக்கூடியவை எளிய வேலைகள். கடுமையான குற்றங்களில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், தாமதத்தைக் காட்டி ஜாமீன் கேட்க வழியில்லை. ஆதாரத்தை முதல் நாளே சரியாகச் சேகரித்தால் எட்டு வருடம் கழித்து வழக்கு நொறுங்காது. பாதிக்கப்பட்ட குழந்தையின் தெருப்பக்கம் போகக்கூடாது என்று ஜாமீனில் நிபந்தனை போட முடியும். இவை எதற்கும் எதிர்காலத்தைப் பார்க்கும் கண் வேண்டாம். நடந்ததை ஒழுங்காகப் பார்க்கும் கண் போதும்.

கோடியக்கரையில் பழைய கலங்கரை விளக்கம் ஒன்று இருந்தது. விளக்கின் வேலை பாறை இருக்கும் இடத்தைக் காட்டுவது. எந்தப் படகு மோதப்போகிறது என்று அது சொல்வதில்லை. குண்டர் சட்டக் கோப்பு சொல்ல முயல்வது அந்த இரண்டாவதை. அதுவும், பாறையைக் காட்டும் வேலை பாதியில் நிற்கும்போது.